ப்ரீஃபெட்ச்: ப்ராசசரே ஊகிக்கட்டுமா, நாம் சொல்லலாமா?

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் நான் வழக்கமாகப் போகும் டீக்கடையில், நான் ரோட்டைத் தாண்டும்போதே அண்ணாச்சி கிளாஸில் சீனியைப் போட்டுவிடுவார். ப்ரீஃபெட்ச் என்றால், ப்ரோக்ராம் கேட்பதற்கு முன்பே டேட்டாவை மெமரியிலிருந்து கேஷுக்கு (ப்ராசசருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன, வேகமான மெமரி) கொண்டுவந்து வைப்பது. ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் ஹார்டுவேர் ப்ரீஃபெட்சர் இந்த அண்ணாச்சி ரகம். அர்ரேயை வரிசையாகப் படித்தால் போக்கைப் பிடித்துக்கொண்டு, அடுத்த கேஷ் லைனை (கேஷுக்கு ஒரே தடவையில் வரும் துண்டு, பெரும்பாலும் 64 பைட்) முன்கூட்டியே கொண்டுவந்துவிடும். நாம் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

சாஃப்ட்வேர் ப்ரீஃபெட்ச் என்பது, "அண்ணாச்சி, நாலு டீ போடுங்க, வந்துட்டே இருக்கோம்" என்று போன் போடுவது. ஜிசிசி கம்பைலரில் அதற்கென்றே ஒரு பில்டின் (கம்பைலரே தரும் ஃபங்ஷன்) உண்டு. பெரிய ஹாஷ் டேபிளில் (கீயை வைத்து இடத்தைக் கணக்கிட்டுத் தேடும் அட்டவணை) முகவரி அங்குமிங்கும் தாவும்போது ஹார்டுவேர் திணறும். அடுத்துத் தேடவேண்டிய கீகள் நம் கையில் இருந்தால் நாம் சொல்வதில் பலன் உண்டு. ஆனால் நேரம்தான் சிக்கல். மெமரிக்குப் போய்வர நூற்றுக்கணக்கான சைக்கிள் (ப்ராசசர் கடிகாரத்தின் துடிப்பு) ஆகலாம். லேட்டாகச் சொன்னால் காத்துக்கிடக்கணும். ரொம்ப முன்னாடியே சொன்னால் டீ ஆறிப்போன கதைதான்: நாம் தொடுவதற்குள் கேஷிலிருந்து அதை வேறு டேட்டா வெளியே தள்ளியிருக்கும்.

சாதாரண லிங்க்டு லிஸ்டில் (ஒவ்வொரு உருப்படியும் அடுத்ததன் முகவரியை வைத்திருக்கும் பட்டியல்) இதைப் போடாதீர்கள். லினக்ஸ் கர்னலே (லினக்ஸின் மையப் பகுதி) தன் லிஸ்ட் மேக்ரோக்களில் (லிஸ்டை வரிசையாகப் படிக்கும் ரெடிமேட் கோடு) இருந்த ப்ரீஃபெட்சை 2011ல் தூக்கிவிட்டது. குட்டி லிஸ்ட்களின் முடிவில் NULL முகவரியை ("அடுத்தது ஒன்றுமில்லை" என்று காட்டும் வெற்று முகவரி) ப்ரீஃபெட்ச் செய்ததே வேகத்தைக் கெடுத்தது.

கிளைகளில் (if மாதிரி, கோடு ரெண்டு பக்கம் பிரியும் இடங்கள்) நம் பேச்சு இன்னும் எடுபடாது. இந்தப் பக்கம் போக வாய்ப்பு அதிகம், குறைவு என்று நாம் கோடில் எழுதும் லைக்லி, அன்லைக்லி குறிப்புகள் எல்லாம் முக்கியமாக கம்பைலர் கோடை அடுக்கும் வரிசையைத்தான் மாற்றும். எந்தப் பக்கம் போகும் என்று ஊகிப்பது, பழைய வரலாற்றை வைத்து, ப்ராசசரேதான்.