கிருஷ்ணகிரியில் நினைவு மலர் அச்சிட ஒரு சிறிய அச்சகம்

எங்கள் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுப்பதற்காக, 48 பக்க நினைவு மலர் ஒன்றைக் கிருஷ்ணகிரி பெங்களூரு சாலையில் உள்ள ஒரு சிறிய டிஜிட்டல் அச்சகத்தில் அச்சிட்டோம். கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் பேனர், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி இவைதாம் அந்தக் கடையின் அன்றாட வேலை. புத்தக வேலையை இப்படிப்பட்ட கடையை நம்பிக் கொடுக்கலாமா என்று தயங்குகிறவர்களுக்கு என் பதில், தாராளமாகக் கொடுக்கலாம் என்பதே. தமிழ் மெய்ப்பு பார்ப்பதை மட்டும் அவர்களிடம் விட்டுவிடாதீர்கள்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் எங்களுக்கு என்ன மாதிரி மலர் தேவைப்பட்டது என்பது விளங்கும். மாங்கூழ் வியாபாரம் செய்தவர்; வியாபாரத்தில் பழக்கமான ஒருவர் மூலம் நடுவயதில் கோல்ஃப் மோகம் பிடித்துக்கொண்டது. ஞாயிறு விடிவதற்கு முன்பே காரை எடுத்துக்கொண்டு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருவுக்குப் போய்விடுவார். 1876-இல் தொடங்கிய பெங்களூரு கோல்ஃப் கிளப்பில் நண்பர்களின் விருந்தினராக ஆடிய நாள்களை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். 18 குழிகளையும் ஆடி முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் பந்தை அடிக்கும் நேரம் மிகக் குறைவு, மீதியெல்லாம் நடையும் பேச்சும்தான். பேச ஆள் கிடைத்தால் சாப்பாட்டையே மறந்துவிடும் மனிதருக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போனதில் வியப்பில்லை. இதனால் எங்களிடம் இருந்த படங்களில் அவர் தனியாக நிற்பது ஒன்றுகூட இல்லை.

கடையில் முதலில் வந்த யோசனை, நம் ஊர் ஸ்டுடியோக்கள் எல்லாவற்றிலும் வழக்கமாக வருவதுதான்: குழுப் படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டியெடுத்து, கோட்டும் டையும் அணிந்த உடலில் பொருத்தி, பின்னால் நீல நிறம் போட்டுவிடலாம் என்றார்கள். உயிரோடு இருந்தபோது கல்யாணத்துக்குக்கூடக் கோட்டு போடாதவர் அப்பா. வேண்டாம் என்றதும் வடிவமைப்பாளர் முகம் சுளிக்காமல் எல்லாப் படங்களையும் திரையில் வரிசையாகத் திறந்து, எங்களோடு உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார். அட்டைக்குத் தேர்ந்த படத்தில் அப்பா தொப்பியோடு சிரித்துக்கொண்டிருக்க, அவர் தோளில் நண்பர் ஒருவரின் கை மட்டும் விளிம்பிலிருந்து நீண்டு வந்து கிடந்தது. “அந்தக் கை இருக்கட்டுங்களா, எடுத்துடட்டுங்களா?” என்று அவர் கேட்டார். கேட்காமலே அழித்துவிடும் கடைகளைப் பார்த்திருப்பதால், இந்த ஒரு கேள்விக்காகவே நான் அவர்களைப் பரிந்துரைப்பேன். கை இருக்கிறது.

ஸ்கோர் அட்டைகளை ஸ்கேன் செய்ததில்தான் அவர்களுடைய திறமை நன்றாகத் தெரிந்தது. கோல்ஃப் போட்டிகளில் ஒருவருடைய கணக்கை உடன் ஆடும் இன்னொருவர் குறித்துவைப்பார். முடிவில் இருவரும் கையொப்பம் இட வேண்டும். அப்பாவும் நண்பர்களும் விளையாட்டாக ஆடிய நாள்களிலும் அந்த வழக்கத்தை விடவில்லை. ஆகவே அப்பா பெட்டியில் பத்திரப்படுத்திய அட்டைகளில் அவர் அடித்த எண்ணிக்கைகளெல்லாம் நண்பர்களின் கையெழுத்தில், மங்கிய பென்சிலில் இருந்தன. முதல் ஸ்கேனில் பென்சிலை எடுப்பாகக் காட்டப் போய், அட்டையின் பச்சைக் கோடுகளும் கறுத்து எண்களை விழுங்கிவிட்டன. அந்தப் பச்சையை மட்டும் தனியே வெளுக்க வைத்து, 600 டிபிஐ நுணுக்கத்தில் மீண்டும் எடுத்தார்கள். ஏழாவது குழிக்கு எதிரே யாரோ 9 என்று எழுதி, அடித்துவிட்டு 8 ஆக்கியிருப்பதுகூட இப்போது தெளிவாகத் தெரிகிறது. கோல்ஃபில் அடிகளின் எண்ணிக்கை குறையக் குறையத்தான் நல்ல ஆட்டம்; யாருடைய பெருந்தன்மையோ!

தைப்பு பற்றி அவர்கள் சொன்னதைக் கேட்டது நல்லதாயிற்று. முதுகில் பசை போட்டு ஒட்டினால் புத்தகம் தட்டையாக விரியாது, இரண்டு பக்கம் விரியும் குழுப் படத்தில் நடுவில் நிற்பவர் முகம் மடிப்புக்குள் போய்விடும் என்று மாதிரிப் பிரதியைப் பிரித்துக் காட்டினார்கள். அதனால் பசைக்குப் பதில் நடுமடிப்பில் சென்டர் பின் அடித்து, படத்தையும் சற்று நகர்த்தினார்கள். 130 ஜிஎஸ்எம் கனத்தில் வழவழப்பான ஆர்ட் தாள், மேட் லேமினேஷன் அட்டை. 100 பிரதிகளுக்குத் தலா 280 ரூபாய் ஆனது. தரத்துக்கு இது நியாயமான விலைதான். ஸ்கேனுக்குத் தனியாக வாங்குவதை மட்டும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

குறை எழுத்தில்தான். நாங்கள் ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சு செய்து கொடுத்த கட்டுரைகளை அவர்கள் தங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றியபோது, ஆய்த எழுத்து பல இடங்களில் காணாமல் போனது, கொம்புகள் இடம் மாறின, பெரியப்பா ஊரின் பெயரே உருத்தெரியாமல் போயிற்று. சொன்னால் உடனே திருத்துகிறார்கள், ஆனால் தாங்களாகக் கண்டுபிடிப்பதில்லை. ஆகவே மாற்றிய பிறகு பிடிஎஃப் கேட்டு வாங்கி, மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்த பின்பே அச்சுக்கு ஒப்புதல் கொடுங்கள். முகூர்த்த மாதங்களில் பத்திரிகை வேலை குவிந்துவிடுவதால் நினைவு மலர் பின்னுக்குப் போகும். எங்களுக்கும் நினைவு நாளுக்கு முந்தின மாலையில்தான் கைக்கு வந்தது.

முடிந்த கோப்பைப் பென் டிரைவில் கேட்டால் தயங்காமல் தருகிறார்கள். பெங்களூரு நண்பர்கள் கூடுதல் பிரதிகள் கேட்டதால் பிறகு கொஞ்சம் மறுபடியும் அச்சிட்டோம். புல்வெளியின் பச்சை முதல் அச்சைவிடச் சற்று அடர்த்தியாக விழுந்திருக்கிறது, மற்றபடி வேறுபாடு இல்லை.