இயர்பேட் உரிந்தால் சத்தமே மாறிப்போகும்: ஒரு க்ளோஸ்டு பேக் ஹெட்போனோடு சில வருடங்கள்

என் ஹெட்போனுக்கு இரண்டாவது முறையாக இயர்பேட் (காதைச் சுற்றிப் படிகிற பஞ்சு வளையம்) மாற்றி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். நகத்துக்குள் இன்னும் கறுப்புத் துகள் ஒட்டியிருக்கிறது. இதே சமயம் பார்த்து ஒரு நண்பர், "ஏம்ப்பா, நீ வருஷக்கணக்கா வச்சிருக்கியே அந்த ஹெட்போன், வீட்ல பாடி ரெகார்ட் பண்ணவும் சும்மா பாட்டு கேக்கவும் அதையே நானும் வாங்கிடலாமா?" என்று கேட்டார். வாங்கலாம், வாங்காதே என்று ஒரு வரியில் முடிகிற பதில் இல்லை இது. அதனால்தான் இவ்வளவு நீளம்.

எந்த மாடல் என்று சொல்லப்போவதில்லை. நான் புலம்பப்போகிற விஷயம் அந்த ஒரு கம்பெனியோடு நிற்பதில்லை, ரெக்சின் உறை போட்ட இயர்பேடோடு வருகிற எல்லா ஹெட்போனுக்கும் பொருந்தும். காதை முழுதாகச் சுற்றி மூடுகிற, பின்புறமும் அடைத்த க்ளோஸ்டு பேக் வகை, ஒயர் உள்ளது, 40 மி.மீ. டிரைவர் (உள்ளே சத்தம் எழுப்புகிற சின்ன ஸ்பீக்கர்), போனில் செருகினாலே போதுமான சத்தம் வரும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஹெட்போனில் கேட்டுத்தான் ரெகார்டிங் என்றால் என்ன என்பதே எனக்குப் புரிந்தது. பாடுகிறவர் அடுத்த வரிக்கு முன்னால் மூச்சை இழுக்கிற இடம், உதடு பிரியும்போது வருகிற சின்ன 'ப்ச்', நாற்காலி நகர்கிற சத்தம், பவர் லைனிலிருந்து ஏறுகிற 'ம்ம்' என்ற இரைச்சல், எல்லாம் டேக் எடுக்கும்போதே காதில் விழும் (ஒருமுறை பாடிப் பதிவு செய்வதுதான் டேக்). இரண்டு டேக்கை வெட்டி ஒட்டிய இடத்தில் ரிவெர்பின் வால், அதாவது குரல் நின்றபின் மெல்லத் தேய்கிற எதிரொலி, பாதியில் அறுந்திருந்தால் அது ஸ்பீக்கரில் தெரியவே தெரியாது, இதில் பளிச்சென்று தெரியும். வெளிச் சத்தத்தையும் நன்றாகத் தடுக்கும். உள்ளே ஓடுகிற பாட்டு மைக்குக்குப் போவதும் மிகக் குறைவு. ஹிஞ்ச், ஹெட்பேண்ட், ஒயர் எதிலும் இன்றுவரை ஒரு குறை இல்லை. இதற்கு மேல் ஒரு ஸ்டுடியோ ஹெட்போனிடம் என்ன கேட்பது?

இப்போது இயர்பேட்.

இயர்பேடில் ரெக்சின் என்று நாம் சொல்வது பெரும்பாலும் துணி மேல் பூசிய பாலியூரிதேன். காற்றிலுள்ள ஈரம், வியர்வை, தோலின் எண்ணெய், உடம்புச் சூடு எல்லாம் சேர்ந்து அந்தப் பூச்சின் பிணைப்பை மெல்ல மெல்ல உடைக்கின்றன. இதில் எரிச்சல் என்னவென்றால், பயன்படுத்தாமல் டப்பாவில் பத்திரமாகப் பூட்டி வைத்தாலும் ஈரம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். முதலில் காதுக்குக் கீழே, தாடை படுகிற இடத்தில், மயிரிழைபோல் ஒரு வெடிப்பு. அப்புறம் சின்னச் செதில். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை கழற்றும்போதும் காது மடலிலும் சட்டைக் காலரிலும் கறுப்புப் பொடி. பாட வந்தவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கன்னத்தைத் துடைக்கும்போது எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்பதைச் சொல்லி முடியாது.

பார்க்க அசிங்கமாக இருப்பதை நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது சத்தம் மாறுவதுதான், அதிலும் அது சொல்லாமல் மாறுவது. க்ளோஸ்டு பேக்கில் பேஸ் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். டிரைவருக்கும் செவிப்பறைக்கும் நடுவில் அடைபட்டிருக்கிற அந்தக் கொஞ்சக் காற்றை அழுத்தி அழுத்தித்தான் தாழ்ந்த ஒலி பிறக்கிறது. ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி இருந்தால் போதும், அந்த அழுத்தம் அது வழியாகக் கசிந்துவிடும். மேல் ஒலிகளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, தாழ்ந்த ஒலிதான் சரியும். கப்பின் பின்புறம் திறந்திருக்கிற ஓப்பன் பேக்கில் எப்படியும் காற்று போய்வரத்தான் வழி இருக்கிறது, அதை வைத்தே டிரைவரை ட்யூன் செய்திருப்பார்கள். க்ளோஸ்டு பேக் காற்றுக் கசியாத அடைப்பை, அதாவது 'சீல்' என்பதை, நம்பியே நிற்கிறது. உரிந்த ரெக்சினும் அமுங்கிப்போன பஞ்சும் அந்த அடைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கின்றன. மாதக்கணக்கில் நடப்பதால் காது அதற்குப் பழகிவிடும், எதுவும் குறைந்ததாகவே தோன்றாது. ஒருநாள் மிக்ஸை (எல்லாப் பதிவையும் கலந்து முடித்த பாட்டை) ஸ்பீக்கரில் போட்டால் கிக் டிரம்மும் பேஸ் கிடாரும் வீங்கிக் கிடக்கின்றன. காதுக்குக் குறைவாக வந்ததை மிக்ஸில் ஏற்றித்தானே வைத்திருப்போம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது, எல்லாரும் செய்து பார்க்க வேண்டும். 40 ஹெர்ட்ஸில், அதாவது மிகத் தாழ்ந்த ஒலியில், ஒரு டோனைக் குறைந்த வால்யூமில் ஓட விடுங்கள், இல்லையென்றால் நன்றாகத் தெரிந்த ஒரு பேஸ் வரியை ஓட விடுங்கள். காதை மூடுகிற இரண்டு கப்பையும் உள்ளங்கையால் மெதுவாகத் தலையோடு அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் பொங்கிக்கொண்டு வந்து கையை எடுத்ததும் காணாமல் போனால், உங்கள் தலையில் அது சீல் ஆகவில்லை. கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை செய்யுங்கள். கண்ணாடிக் காம்பு பேடைக் காதுக்குப் பின்னால் தூக்கிக் கொடுக்கும் இடத்தில் ஒரு சுரங்கமே உண்டாகிறது. புது பேடின் பஞ்சு மெத்தென்று காம்பைச் சுற்றி அணைத்துக்கொள்ளும், பழைய பஞ்சுக்கு அந்தத் தெம்பு கிடையாது. நான் கண்ணாடி போடுகிறவன். என் கோபத்தில் பாதி இந்தக் காம்புக்குச் சேர வேண்டியது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

முதல் முறை மாற்றும்போது ஒரிஜினல் பேடுக்காகக் கம்பெனி சர்வீஸில் கேட்டேன். "அந்த மாடல் பார்ட் இப்ப வர்றதில்லை சார்" என்ற பதில்தான் வந்தது. டிரைவர் நூறு சதவீதம் நன்றாக ஓடுகிறது, ஒயரில் ஒரு முறிவு இல்லை, ஆனால் இரண்டு பஞ்சு வளையம் கிடைக்காததால் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டுமாம்! இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இயர்பேட் தேயப்போகிற பொருள் என்று செய்கிறவனுக்கே தெரியும். தெரிந்தும் அதைத் தனியாக விற்க வைத்துக்கொள்ளாவிட்டால், அந்தக் கம்பெனி ஹெட்போனுக்குத் தேதி குறித்துத்தான் விற்கிறது என்று அர்த்தம்.

சரி என்று வேறு ஆள் செய்த வெல்வெட் பேட் வாங்கிப் போட்டேன். காதுக்கு என்ன சுகம்! சூடு இல்லை, வியர்வை இல்லை, எவ்வளவு நேரம் போட்டிருந்தாலும் தெரியவில்லை. ஆனால் ஹெட்போன் வேறு ஹெட்போனாகிவிட்டது. வெல்வெட் வழியாகக் காற்று போகும், அதனால் பேஸ் இறங்கியது. பேட் கொஞ்சம் தடிமன் என்பதால் டிரைவர் காதிலிருந்து தள்ளிப் போய் மேல் ஒலியின் சுபாவமும் மாறியது. எல்லாவற்றையும்விட மோசம், க்ளிக் (தாளத்துக்காகப் பாடுகிறவர் காதில் ஓட விடுகிற சத்தம்) கசிந்தது. மெட்ரோனோமின் 'டிக்' கூர்மையான சத்தம், எந்தச் சந்திலும் நுழைந்து வெளியே வந்துவிடும். மென்மையான பாட்டில், குரல் ஓய்கிற இடத்தில், பின்னால் டிக் டிக் என்று கேட்டால் அந்த டேக்கை எதற்கும் வைத்துக்கொள்ள முடியாது. வெல்வெட்டே தவறு என்று சொல்லவில்லை. பேயர்டைனமிக் டிடி 770 புரோ மாதிரி வெல்வெட்டை வைத்தே டிரைவரும் கப்பும் ட்யூன் செய்த ஹெட்போன்கள் இருக்கின்றன. ரெக்சினுக்காக ட்யூன் செய்ததில் வெல்வெட்டை மாட்டினால்தான் கணக்கு கெடுகிறது. இப்போது போட்டிருப்பது மறுபடி ரெக்சின்தான், பழையதன் அளவுக்கும் தடிமனுக்கும் ஏறக்குறைய ஒத்துவருவது.

மாற்றுகிறவர்களுக்கு ஒரு விஷயம். பேடின் பின்பக்கத்தில் பாவாடைபோல் தொங்குகிற விளிம்பைக் கப்பைச் சுற்றியுள்ள பள்ளத்தில் நுழைக்க வேண்டும். ஒரு முனையில் மாட்டிக் கட்டை விரலால் இழுத்து இழுத்துச் சுற்றி வந்தால் உட்கார்ந்துவிடும், கடைசி இரண்டு விரல்கடைதான் பாடு. கிடார் பிக் ஒன்று கையிலிருந்தால் சுலபம். பழைய துகளை வாயால் ஊதாதீர்கள், டிரைவருக்குள் போய்விடும். ஒட்டும் டேப்பால் தொட்டுத் தொட்டு எடுங்கள். டிரைவருக்கு முன்னால் மெல்லிய பஞ்சு வட்டமோ துணியோ இருக்கும், அது வெறும் தூசிக்காக மட்டும் இல்லை, மேல் ஒலியையும் கொஞ்சம் அடக்குகிறது. அதைப் போடாமல் மூடினால் 'ஸ' ஒலியெல்லாம் காதைக் குத்தும்.

பாடுவதற்கு என்று நண்பர் கேட்டதால் இதையும் சொல்ல வேண்டும். சீல் நன்றாக இருக்கும்போது வேறு ஒரு தொல்லை வரும். காது அடைபட்டதும் சொந்தக் குரல் எலும்பு வழியாகவே ஏறி, குடத்துக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கும். சிலருக்கு அதில் சுருதி விலகும். அதனால்தான் பாடகர்கள் ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் பாடுகிறார்கள். அப்படிச் செய்தால் திறந்த கப்பிலிருந்து க்ளிக் நேராக மைக்குக்குப் போகும். மூடியிருக்கிற காதுக்கு மட்டும் க்ளிக் போகிறபடி வைத்துவிட்டு, திறந்த கப்பைத் தலையோடு சேர்த்து அழுத்தி வைத்துக்கொண்டால் பெருமளவு தப்பிக்கலாம். அப்புறம் புளூடூத் ஹெட்போனில் பாடி ரெகார்ட் செய்யலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். அதில் வருகிற தாமதம் சாதாரணமாகவே 100 மில்லி செகண்டைத் தாண்டும், தாளத்தோடு பாடவே முடியாது. ஒயர் போட்டிருந்தாலும், எலும்பு வழியே உடனே வருகிற குரலும் மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற இன்டர்ஃபேஸ் சுற்றிச் சில மில்லி செகண்ட் தாமதமாக வருகிற குரலும் கலந்து உள்ளே வெறுமையானதுபோல் கேட்கும். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டரிங் (குரலைக் கம்ப்யூட்டருக்குள் சுற்றவிடாமல் நேராகக் காதுக்கு அனுப்புகிற வசதி) இருந்தால் அதைப் போட்டுக்கொள்வதே நல்லது.

ஹெட்போனின் மின்தடையைச் சொல்கிற ஓம் பற்றிய குழப்பம் வேண்டாம். டிடி 770 புரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாக வருகிறது. போன், லேப்டாப்பில் கேட்க 32, இன்டர்ஃபேஸில் போட 80, நல்ல ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் கையில் இருந்தால் 250. முடிந்தது.

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கு? என் மனதில் இருப்பதை அப்படியே சொல்கிறேன். நான் இதில் ஆசையோடு கேட்ட பாட்டுகள் ஏராளம், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக எங்கே நிற்கிறது என்று காட்டியிருக்கிறது. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் காது வெந்துவிடும். சத்தமில்லாத அறையில் தனியாக உட்கார்ந்து கேட்பவருக்கு ஓப்பன் பேக்தான் சரி. ரெகார்டிங்கும் கேட்பதும் ஒன்றிலேயே முடிய வேண்டும் என்றால் மட்டும் க்ளோஸ்டு பேக்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு நண்பருக்கு நான் சொன்ன பதில், "என்னோடதை வாங்காதே." அவரும் கண்ணாடி போடுகிறவர், பேட் கிடைக்காமல் நான் அலைந்ததை அவரும் அலைய வேண்டாம். சோனி எம்டிஆர் 7506 வந்தது 1991இல், இன்றும் புதிதாகவே கிடைக்கிறது, அதற்கான பேட் எத்தனையோ பேர் செய்கிறார்கள், ஒயர் மட்டும் கழற்ற முடியாதது. ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸில் ஒயரைக் கழற்றி மாற்றலாம், அதற்கும் பேட் தாராளமாகக் கிடைக்கும். காது சூடு தாங்காது என்றால் வெல்வெட் பேடோடு வருகிற டிடி 770. மூன்றையும் கண்ணாடியோடு தலையில் மாட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துவிட்டு முடிவு செய் என்றேன். எதை வாங்கினாலும் அதே நாளில் ஒரு ஜோடி ஒரிஜினல் பேடுக்கும் எங்கே கேட்பது என்று விசாரித்து வைத்துக்கொள், தனியாக விற்பதில்லை என்று சொன்னால் அந்த மாடலை அங்கேயே விட்டுவிட்டு வா என்றும் சொன்னேன். இன்று பேட் மாற்றிய எரிச்சலில் சொல்கிறேன் என்று அவர் நினைத்திருக்கலாம். எரிச்சல் இருக்கிறது, உண்மைதான். ஆனாலும் இதுதான் என் பதில்.