ஐடியூன்ஸ் இல்லாமல் ஐபாட்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

என்னிடம் இருப்பது 2006-இல் வந்த 80 ஜிபி ஐபாட், ஐந்தாம் தலைமுறை. உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்டி கார்டு பொருத்தியிருக்கிறேன். பாட்டுக் கேட்க இன்றும் அதுதான். அதில் பாட்டு ஏற்ற ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருள் வேண்டாம் என்று விட்டுப் பல வருடமாகிறது. கோபமெல்லாம் இல்லை. என் சேகரிப்பு முழுக்க ஃபிளாக் ஃபைல்கள் (ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்), ஐடியூன்ஸ் அவற்றைத் தொடாது. அப்புறம் நான் கணினியில் விண்டோஸை விட்டு லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறிவிட்டேன். அதற்கு ஐடியூன்ஸ் வந்ததே இல்லை.

மாற்று தேடுவதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஐபாடை டிஸ்க்காகத் திறந்தால் மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டருக்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாகச் சின்ன ஃபோல்டர்கள் இருக்கும். பாட்டுகள் அங்கேதான், ஆனால் நான்கு எழுத்துக் குழப்பப் பெயர்களில். எது எந்தப் பாட்டு என்பது ‘ஐடியூன்ஸ்டிபி’ என்ற தனி ஃபைலில் எழுதப்பட்டிருக்கும். கருவி பார்ப்பது அந்த ஃபைலை மட்டுமே. நாம் பாட்டை நேராகக் காப்பி செய்தால் இடம் நிறையும், பாட்டு மட்டும் பட்டியலில் வராது. ஆக, எந்த மாற்று மென்பொருளாக இருந்தாலும் அதன் முதல் வேலை இந்த ஃபைலைச் சரியாக எழுதுவதுதான். 2007-இல் வந்த கிளாசிக், மூன்றாம் தலைமுறை நானோ முதல் இதற்கு ஒரு சரிபார்ப்புக் குறியீடும் சேர்ந்துகொண்டது. குறியீடு தப்பினால் டிஸ்க் நிறையப் பாட்டு இருந்தும் கருவி ஒன்றுமில்லை என்று சொல்லும். அதனால் மென்பொருளைத் தேடும் முன் உங்களுடையது எந்தத் தலைமுறை என்று பாருங்கள். ஐபாட் டச் வைத்திருப்பவர்களுக்கு இங்கே எதுவும் உதவாது, அது டிஸ்க்காகவே திறக்காது.

விண்டோஸில் இருந்தவரை ஃபூபார்2000 என்ற பாட்டு மென்பொருள்தான் என் துணை. அதற்கென ‘ஐபாட் மேனேஜர்’ என்ற துணைநிரல் இருக்கிறது. அனுப்பும்போதே ஃபிளாக்கை ஐபாட் பாடக்கூடிய ஏஏசி வடிவத்துக்கு மாற்றிவிடும், மூல ஃபைல் அப்படியே இருக்கும். பாட்டின் ஒலி அளவைக் குறிக்கும் ரீப்ளேகெய்ன் குறிப்பை ஐபாடுக்குப் புரியும் சவுண்ட் செக் மதிப்பாக எழுதிவிடும் என்பதால் ஒரு பாட்டு முணுமுணுத்து அடுத்தது காதைக் கிழிக்கும் தொல்லை இல்லை. ஆனால் முதல் நாள் அமைப்புகளைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். வடிவத்தை மாற்றும் என்கோடரைத் தனியாக இறக்கி, எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினால் போதும். பிறகு அந்தப் பக்கம் போகவே வேண்டியதில்லை.

நடுவில் ஒரு கட்டண மென்பொருளையும் வாங்கினேன். பெயர் வேண்டாம். பார்க்க அழகு, ஆனால் பாட்டுகளுக்கு நான் கொடுத்திருந்த நட்சத்திர மதிப்பீடுகள் எல்லாம் காணாமல் போயின. அதோடு சரி.

லினக்ஸில் ரிதம்பாக்ஸ், ஸ்ட்ராபெரி என்ற பாட்டு மென்பொருள்கள் இரண்டும் லிப்ஜிபாட் என்ற ஒரே நிரல் நூலகத்தை வைத்துத்தான் ஐபாடோடு பேசுகின்றன. ரிதம்பாக்ஸில் இழுத்துப் போட்டால் முடிந்தது. பாட்டுக்குள் இருக்கும் பெயர், பாடகர் விவரங்களை (டேக்) திருத்தும் பழக்கமிருந்தால் ஸ்ட்ராபெரி. ஜிடிகேபாட் என்ற இன்னொரு மென்பொருள் இன்னும் ஆழமானது, ஆனால் வளர்ச்சி எப்போதோ நின்றுவிட்டது. ஒரு சிக்கல்: மேக்கில் ஃபார்மட் செய்த ஐபாட் லினக்ஸில் பொதுவாகப் படிக்க மட்டுமே திறக்கும். விண்டோஸில் ஒருமுறை ரீஸ்டோர் செய்து லினக்ஸும் எழுதக்கூடிய ஃபேட்32 டிஸ்க் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது அழிந்துவிடும், நகல் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது நிலைத்திருப்பது ராக்பாக்ஸில். இது பாட்டு ஏற்றும் மென்பொருள் அல்ல, கருவியின் இயங்குதளத்துக்கே மாற்று. 2001-இல் ஆர்கோஸ் பிளேயர்களுக்காகத் தொடங்கிய திட்டம். ஃபிளாக், ஆக், ஓபஸ் போன்ற ஒலி வடிவங்களை எல்லாம் மாற்றாமலே பாடும். ஃபோல்டரைக் காப்பி செய்தால் போதும், பிளேலிஸ்டுக்கு எம்3யூ என்ற சாதாரண எழுத்து ஃபைல். கணினியில் தனியாக எந்த மென்பொருளும் வேண்டாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. பழைய முறையில் ஏற்றிய பாட்டுகளையும் டேக் பார்த்துத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது.

குறை இல்லாமல் இல்லை. மெனு ஆழம், முதலில் வரும் தோற்றம் சுமார், சக்கரத்தைச் சுழற்றும்போது பழைய அந்த வழுக்கல் கிடைக்காது. அந்த ஆசை வந்தால் ஹோல்டு பட்டனைப் போட்டபடி துவக்குவேன், பழைய இயங்குதளம் வந்துவிடும். ஃபிளாக் ஃபைல்கள் மட்டும் அங்கே தெரியாது.

எந்த வழியில் போனாலும் கேபிளைப் பிடுங்கும் முன் எஜெக்ட் கொடுத்துவிடுங்கள். ஃபேட்32-இல் ஜர்னல், அதாவது பாதியில் நின்றால் மீட்க உதவும் எழுத்துப் பதிவு, கிடையாது. கணினித் திரையில் காப்பி முடிந்ததாகக் காட்டினாலும் கடைசிச் சில ஃபைல்கள் இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம், எஸ்டி கார்டு மெதுவானதாக இருந்தால் இது ஒரு நிமிடம்கூட நீளும்.