மோட்டார் வீட்டுக் கழிவு: நெடுஞ்சாலை ஓய்விடமா, முகாம் மைதானமா?

அமெரிக்காவில் மோட்டார் வீட்டில் (படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு கூடிய வண்டி) கிளம்புகிறவர்கள் கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வது என்று தடுமாறுகிறார்கள்.

செலவு: வாஷிங்டன் மாநில நெடுஞ்சாலை ஓய்விடங்கள் சிலவற்றில் இலவசம். வண்டியை நிறுத்தித் தங்கும் முகாமில், கழிவுநீர் இணைப்புள்ள இடத்தின் வாடகையிலேயே அடங்கிவிடும்.

நம்பகம்: ஓய்விட வசதியைக் குளிர்காலத்தில் மூடிவிடலாம், கிளம்பும் முன் விசாரியுங்கள். முகாமில் முன்பதிவின்போதே கேட்டுவிடலாம்.

வசதி: ஓய்விடத்தில் பின்னால் வண்டிகள் காத்திருக்கும், அவசரத்தில் குழாய் நழுவினால் செருப்பெல்லாம் நாசம். முகாமில் நிதானமாகச் செய்யலாம். எங்கே செய்தாலும் கையுறை போட்டு, கழிப்பறைத் தொட்டியை முதலில் திறந்துவிடுங்கள். பிறகு குளியல், பாத்திரம் கழுவும் தண்ணீர் சேரும் தொட்டியைத் திறந்தால், அதிலிருந்து வரும் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள்!

தினமும் ஊர் மாறுகிறவர்களுக்கு ஓய்விடம் போதும். குழந்தைகளோடு ஒரே இடத்தில் தங்குவோருக்கு முகாம்தான்.