18650 பற்றரிக்கு முற்பணம் கட்ட முதல்

இணையக் கடைகளில் '9900 மில்லி அம்பியர் மணி' (mAh, கொள்ளளவு) என்று போட்டிருக்கும் 18650 பற்றரிக்கு (டோர்ச், வேப் கருவிகளில் போடும் உருளை லித்தியம் செல்) முன்கூட்டி ஓடர் போடவே வேண்டாம். இந்த அளவில் நல்ல கம்பனிச் செல்லே 3500 சொச்சம்தான் தரும். எடை காட்டிக்கொடுத்துவிடும்: அசல் 45 கிராமளவில் வரும், 30 கிராம் என்றால் உள்ளே ஏமாற்றுத்தான்.

நீளத்தையும் பாருங்கள். வெறும் செல் 65 மில்லிமீற்றர். பாதுகாப்பு மின்சுற்று வைத்தது 68 முதல் 70 வரை வரும். இந்த நீளத்துக்கு வேப் கருவியிலோ (மின் சிகரெட்) சின்ன டோர்ச்சிலோ மூடி பூட்டாமல் போகலாம். அமத்திப் பூட்டினால் உறை கிழிந்து ஷோர்ட் ஆகலாம். 60 வாட் இழுக்கும் கருவிக்கு 20 அம்பியர் தாங்கும் செல் வேணும். அதன் கொள்ளளவு 2500, 3000தான். விற்பவர் இரண்டும் கூட என்றால் நம்பாதீர்கள்.

வெளிநாட்டு ஓடர் இன்னொரு தலையிடி. தனி லித்தியம் பற்றரியைச் சர்வதேச விமானத் தபால் ஏற்காது. மட்டக்களப்பில் இருந்துகொண்டு முழுக்காசையும் முன்னே கட்டுவதைவிட, கொழும்பில் கையிருப்பு உள்ள கடையில், பொதி வந்தபிறகு காசு கொடுப்பதே புத்தி. வந்ததும் மல்டிமீற்றரை வையுங்கள்: 3.5 வோல்ட் அளவில் காட்டவேணும். 2.5க்குக் கீழே என்றால் சார்ஜ் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.

களப்பில் இரவு மீன்பிடித் தொழிலுக்குத் தலை லைட் கட்டுபவர்கள், உப்புப் பிடித்த முனையை வாரமொருமுறை துடைக்கவேணும்.