மியூனிக்கா, பெர்லினா? இரண்டு ஊரிலும் பெட்டியோடு இறங்கியவன் சொல்வது

ஜெர்மனிக்குப் படிக்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். 2023 அக்டோபரில் கோவையிலிருந்து போய் மியூனிக்கில் முதுகலை சேர்ந்தேன். பிறகு ஆய்வேட்டுக்காக ஏழு மாதம் பெர்லினில் இருந்தேன். இரண்டு ஊரிலும் புது ஆளாக முழித்திருக்கிறேன்.

மியூனிக்கில் இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனி முழுக்கவே ஞாயிறு கடை அடைப்புதான், ஆனால் மியூனிக் அதை விரதம் மாதிரி பிடிக்கிறது. பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அம்மா கட்டிக் கொடுத்த முறுக்குதான் அன்று மூன்று வேளையும். பெர்லினுக்கும் ஞாயிறு மாலைதான் போய்ச் சேர்ந்தேன். தெருமுனையில் ஷ்பேட்டி என்கிற பெட்டிக்கடை ஜோராகத் திறந்திருந்தது. ஞாயிறு திறக்கக் கூடாது என்று சட்டமாம். கடைக்காரர் அதைக் கண்டுகொள்ளவில்லை, நானும்தான்.

சாலையிலும் அதே கதை. மியூனிக்கில் நள்ளிரவில், கண்ணுக்கு எட்டியவரை ஒரு வண்டி இல்லாத தெருவில், சிவப்பு விளக்குக்காக ஒரு பாட்டி நாயோடு நின்றார். நாயும் நின்றது. பெர்லினில் சிக்னலில் தொப்பி போட்ட குட்டி மனிதன் சிவப்பாக நின்றுகொண்டிருக்கும்போதே பாதி பேர் கடந்துவிடுவார்கள். எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

அதனால் முதல் வாரத்தில் பெர்லின் இனித்தது, மியூனிக் பயமுறுத்தியது. கணக்கு மாறியது மொழியில். மியூனிக்கில் ரொட்டிக் கடை அம்மா நான் ஆங்கிலத்தில் கேட்டாலும் ஜெர்மனில்தான் பதில் சொல்வார். லிஃப்டில் முன்பின் தெரியாதவர்கள் "க்ரூஸ் காட்" என்று வணக்கம் சொல்ல, பதில் தெரியாமல் தரையைப் பார்த்தேன். அந்தக் கூச்சமே என்னைப் பேச வைத்தது. டிசம்பருக்குள் தப்பும் தவறுமாகப் பேச ஆரம்பித்துவிட்டேன். பெர்லினின் நொய்க்கோல்ன் பக்கம் சில காபிக் கடைகளில் பரிமாறுகிறவருக்கே ஜெர்மன் வராது! ஏழு மாதத்தில் கற்றதையும் பாதி மறந்தேன்.

வீட்டு விஷயத்தில் பெர்லின் என்னைப் படுத்திவிட்டது. குடியேறிய 14 நாளுக்குள் முகவரியை அரசு அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட காகிதம் வேண்டும். மியூனிக் விடுதியில் அது முதல் நாளே கைக்கு வந்தது. பெர்லினில் உள்வாடகைக்கு அறை தந்தவர் முன்பணம் வாங்கியபின், "பதிவெல்லாம் முடியாது" என்றார். மூன்றாவது வாரமே அந்த அறையிலிருந்து பெட்டியைக் கட்டினேன்.

இனி பணம். விசாவுக்காக நம் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு முடக்கி வைக்கும் வங்கிக் கணக்கில் இப்போது ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. மியூனிக்கில் விடுதி கிடைக்காமல் தனியார் அறைக்குப் போனால் அதில் முக்கால் பங்கு வாடகைக்கே போய்விடும். பெர்லினும் மலிவில்லை, ஆனாலும் கொஞ்சம் மூச்சு விடலாம். அப்புறம், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் கட்டணம் வாங்குகிறது: முதுகலைக்குப் பெரும்பாலும் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. அதற்கு முன்பே சேர்ந்ததால் நான் தப்பித்தேன். பெர்லின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாகப் படிப்புக் கட்டணம் கிடையாது, எல்லா மாணவரும் பருவத்துக்கு ஒருமுறை கட்டும் சிறு தொகை மட்டும்தான்.

குளிர் இரண்டிலும் குளிர்தான். டிசம்பரில் பெர்லினில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், மியூனிக்கில் அரை மணி நேரம் கூடுதல் வெளிச்சம். தெற்குக் காற்று அடிக்கும் நாளில் ஆல்ப்ஸ் மலை ஊருக்குள்ளிருந்தே தெரியும். பெர்லினில் மலை இல்லை. பிரிட்ஸ் பகுதியில் ஈழத்தமிழரின் மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. வீட்டு நினைப்பு வந்த நாட்களில் எனக்கு அது மலையைவிட உதவியது.

போன மாதம் சித்தி பையன் கேட்டான். பெர்லின் என்றேன், கட்டணத்துக்காக. ஆனால் பி1 என்கிற நடுத்தர நிலை வரை ஜெர்மனை நம்ம ஊரிலேயே முடித்துவிடு, பதிவுக் காகிதம் தருவேன் என்று எழுதித் தராதவருக்கு ஒரு யூரோகூட அனுப்பாதே, டிக்கெட்டை மட்டும் ஞாயிறுக்குப் போடாதே என்றேன்.