ஆயிரம் வியூஸுக்கு எவ்வளவு? ஒரு சின்ன சேனல்காரரின் அனுபவம்

சேனல் தொடங்கப் போகிற நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "ஆயிரம் வியூஸுக்கு எவ்வளவு தருவாங்க?" பெரும்பாலும் தையல் மிஷின் பழுது பார்ப்பதைப் பற்றிப் போடுகிற ஒரு சின்ன யூடியூப் சேனலைப் பல வருஷமாக நடத்திக்கொண்டிருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்காமல் என்னிடம் சேனலைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அவருக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனதால் பொதுவிலேயே போட்டுவிடுகிறேன். விளம்பரப் பணம் வர ஆரம்பிக்க 1000 சந்தாதாரர், ஒரு வருஷத்தில் மற்றவர்கள் நம் வீடியோவைப் பார்த்த நேரம் 4000 மணி என்கிற வாசல் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை விளக்கப் போவதில்லை. ஆனால் அந்த 4000 மணி எவ்வளவு பெரியது என்பதை மட்டும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் சராசரியாக 3 நிமிஷம் பார்க்கிறார் என்றால் 80,000 வியூஸ் வேண்டும். ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோக்கள் அவற்றுக்கான வரிசையில் ஓடுகிற நேரம் இதில் சேராது.

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஒரு விலை கிடையவே கிடையாது. இத்தனை வருஷத்தில் என்னை விடாமல் எரிச்சல்படுத்துகிற விஷயம் இதுதான். பணம் குறைவு என்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அடுத்த மாசம் எவ்வளவு வரும் என்று சொல்லவே முடியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. ஒவ்வொரு தடவை ஒருவர் வீடியோவைத் திறக்கும்போதும் அவருக்கு விளம்பரம் காட்ட யார் எவ்வளவு தரத் தயார் என்பதைப் பொறுத்து அந்த நொடியில் விலை முடிவாகிறது. பார்க்கிறவர் எந்த நாட்டில் இருக்கிறார், வருஷத்தின் எந்த மாசம், வீடியோ எதைப் பற்றியது என்று எல்லாமே அதில் கலந்திருக்கிறது. நாம் உழைத்த உழைப்புக்கு அதில் இடமே இல்லை.

இதில் சிபிஎம், ஆர்பிஎம் என்று இரண்டு எண்களைப் போட்டுக் குழப்புகிறவர்கள் நிறைய. விளம்பரதாரர் ஆயிரம் விளம்பரக் காட்சிக்குக் கொடுப்பது சிபிஎம். யூடியூப் தன் 45 சதவீதத்தை எடுத்துக்கொண்ட பிறகு, விளம்பரமே ஓடாத வியூஸையும் சேர்த்து வகுத்து, ஆயிரம் வியூஸுக்கு நம் கைக்கு வருவது ஆர்பிஎம். விளம்பரத் தடுப்பான் போட்டவர்கள், விளம்பரம் வருவதற்குள் வெளியே போனவர்கள், காட்ட விளம்பரமே கிடைக்காத வியூஸ் என்று எல்லாம் இதில் அடங்கும். அதனால் இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கும். யாராவது "எனக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு" என்று ஸ்கிரீன்ஷாட் போட்டால் அது இரண்டில் எது என்று முதலில் பாருங்கள். பெருமைக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் சிபிஎம்மைத்தான் போடுவார்கள்.

என் சேனலிலேயே இரண்டு வீடியோக்களைச் சொல்கிறேன். ஒன்று, மிச்சத் துணியில் பொம்மைக்குச் சட்டை தைப்பது. குழந்தைகள் தாங்களே உட்கார்ந்து செய்யும்படி எடுத்தது. வெட்டுவது, ஊசி கோர்ப்பது எல்லாம் நிதானமாகக் காட்டி, கூர்மையான பக்கத்தில் விரல் படாமல் துணியை எப்படிப் பிடிப்பது என்பதைக் கிட்டப்போய்த் தனியாக எடுத்தேன். சேனலிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். இன்னொன்று, தொழிற்கூடத்து மிஷினில் பெல்ட் மாற்றி மோட்டாரைச் சரியான இடத்தில் பொருத்துவது. அதைப் பார்த்தவர்கள் மிகக் கொஞ்சம். ஆனால் பணம் இரண்டாவதில்தான் அதிகம். காரணம் எளிது. பெல்ட் வீடியோவைப் பார்ப்பவர் தொழில் நடத்துகிறவர். அவர் கண்ணில் பட மிஷின் விற்பவரும் தொழில் கடன் தருபவரும் போட்டி போடுகிறார்கள். பொம்மைச் சட்டையோ குழந்தைகளுக்கான வீடியோ என்று குறிக்கப்பட்டது. அமெரிக்க வணிக ஆணையம் 2019 செப்டம்பரில் கூகுளோடும் யூடியூபோடும் 17 கோடி டாலருக்குச் செய்த உடன்பாட்டுக்குப் பிறகு, 2020 ஜனவரியிலிருந்து அப்படிப்பட்ட வீடியோக்களில் பார்ப்பவரின் விருப்பத்தைத் தெரிந்துகொண்டு காட்டும் விளம்பரங்கள் கிடையாது. குழந்தைகளின் தகவலைச் சேகரிக்கக் கூடாது என்பது நியாயமான விதி. அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அதற்கான செலவு குழந்தைகளுக்காக நல்லபடியாக எடுப்பவர்களின் தலையில் விழுந்திருக்கிறது என்பதும் உண்மை.

மாசக் கணக்கும் அப்படித்தான். வருஷக் கடைசியில் நிறுவனங்கள் விளம்பரத்துக்கு ஒதுக்கிய பணத்தைச் செலவழித்து முடிக்கப் பார்ப்பதால் நவம்பர், டிசம்பரில் ஆர்பிஎம் ஏறும். ஜனவரி பிறந்தால் படக்கென்று விழும். அதே வீடியோ, ஏறக்குறைய அதே வியூஸ், டிசம்பரில் வந்ததில் பாதிதான் ஜனவரியில் வந்த வருஷங்கள் எனக்கு உண்டு. சேனலில் ஏதோ கெட்டுவிட்டது என்று புதிதாக வருகிறவர்கள் பதறுவதே இந்த மாசத்தில்தான்.

இதில் 100 டாலர் வரம்பையும் சேர்த்துப் பாருங்கள். கணக்கில் அந்தத் தொகை சேரும்வரை பணம் வெளியே வராது. ஆர்பிஎம் 1 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சம் வியூஸ். அரை டாலர் என்றால் இரண்டு லட்சம். சின்ன சேனலுக்கு இது பல மாசம் ஆகும். ஆக, மாசம் எவ்வளவு என்ற கேள்விக்கே எங்களைப் போன்றவர்களிடம் பதில் இல்லை. வருஷத்துக்கு எத்தனை தடவை என்று வேண்டுமானால் கேட்கலாம்.

சின்ன சேனல்களின் வருமானத்தைப் பற்றி வந்த தகவல்களில் எனக்கு மறக்கவே மறக்காத ஒன்று, 2018 ஜனவரியில் இந்த 1000, 4000 வாசலைக் கொண்டுவந்தபோது யூடியூபே வெளியிட்டது. புது விதியால் பாதிக்கப்படுகிறவர்களில் 99 சதவீதம் பேர் முந்தைய ஒரு வருஷத்தில் 100 டாலருக்கும் குறைவாகச் சம்பாதித்தவர்கள். 90 சதவீதம் பேருக்கு முந்தைய மாசத்தில் கிடைத்தது 2.50 டாலருக்கும் குறைவு. அது நீக்கப்பட்டவர்களின் கணக்குத்தான், எல்லோருடையதும் அல்ல. ஆனாலும் கீழே இருப்பவர்களின் நிலைமையை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன தகவல் வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. 2025இல் அதே யூடியூப், 4 வருஷத்தில் 10,000 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறோம் என்றது. அந்தத் தொகை வீடியோ எடுக்கிறவர்களுக்கு மட்டும் போனதல்ல. இசைக் கலைஞர்கள், ஊடக நிறுவனங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான். அதை நம் தலைக்கு வகுத்துக் கனவு காண வேண்டாம்.

ஷார்ட்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2023 பிப்ரவரியிலிருந்து விளம்பரப் பங்கு தருகிறார்கள், 45 சதவீதம். அதுவும் ஒரு பாட்டைச் சேர்த்தால் அந்த வியூஸுக்கு உரிய பணத்தில் பாதியும், இரண்டு பாட்டைச் சேர்த்தால் மூன்றில் இரண்டு பங்கும் முதலில் இசைக்காகப் பிரிந்துபோய், மிச்சத்தில்தான் இந்த 45 சதவீதமே. என் சேனலில் லட்சத்தைத் தாண்டிய ஷார்ட்ஸ் உண்டு. அதில் வந்த பணம் ஒரு நூல்கண்டு வாங்கத்தான் ஆகும்.

பாட்டு என்றதும் கோபம் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் சேனலை இன்றுவரை தாங்குகிற வீடியோ, கீழ் நூல் சிக்குவதைச் சரிசெய்வது. பாபின் கேஸில், அதாவது கீழ் நூல் சுற்றிய உருளை உட்காரும் சின்ன உறையில் இருக்கிற அந்தத் துளி திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, நூலைப் பிடித்துத் தொங்கவிட்டால் கேஸ் தானாக விழாமல், லேசாக உதறினால் மட்டும் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும் என்று காட்டியிருப்பேன். அந்த இடத்தில் வெளிச்சம் விழவைக்கவே பெரும்பாடு. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று உரிமத்தோடு கிடைத்த ஒரு மெல்லிய இசையைப் பின்னணியில் வைத்திருந்தேன். உரிமச் சீட்டும் பத்திரமாக இருந்தது. ஒருநாள் பெயரே கேள்விப்படாத ஒரு இசை நிறுவனம் அது தங்களுடையது என்று கிளைம் போட்டுவிட்டது. முழு வீடியோவும் என்னுடையது, விரலும் மிஷினும் விளக்கமும் என்னுடையது, பின்னால் ஓடுகிற சத்தத்துக்காக விளம்பரப் பணம் கைமாறுகிறது! மறுப்புத் தெரிவித்தேன். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அந்த 30 நாளையும் கிட்டத்தட்ட முழுசாகத் தின்றுவிட்டு, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் கிளைமைத் திரும்பப் பெற்றார்கள். கிளைம் வந்த 5 நாளுக்குள் மறுத்திருந்ததால், முடிவு தெரியும்வரை யூடியூப் ஒதுக்கி வைத்த பணம் முதல் நாளிலிருந்தே எனக்கு வந்துசேர்ந்தது. 5 நாளுக்குப் பிறகு மறுத்தால், மறுத்த நாளிலிருந்து சேர்வதை மட்டும்தான் ஒதுக்கி வைப்பார்கள். பொய்யாகக் கிளைம் போட்டவருக்கு இதில் இழப்பு என்று எதுவும் இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அதிலிருந்து எந்த வீடியோவிலும் இசையே சேர்ப்பதில்லை. மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும். நான் எதிர்பார்க்காத பெரிய சந்தோஷம் அதில்தான் கிடைத்தது. பழுதான மிஷினின் சத்தத்தைக் கேட்டே "என்னுடையதும் இப்படித்தான் டக்கென்று இடிக்கிறது, ஊசி தகட்டில் படுகிறதா?" என்று கமெண்டில் எழுத ஆரம்பித்தார்கள். பழுது பார்ப்பவர்களுக்குக் காதுதான் முதல் கருவி. அது பார்ப்பவர்களுக்கும் பழகிவிட்டது. வீடியோவைச் சத்தத்துக்காகவே இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்ப்பதால் பார்க்கும் நேரமும் கூடியது. விளம்பரம் இல்லாமல் பார்க்கக் காசு கட்டுகிற பிரீமியம் சந்தாக்காரர்களின் கட்டணத்திலிருந்து வரும் பங்கு பார்க்கப்பட்ட நேரத்தை வைத்துத்தான் பிரிகிறது என்பதால் அந்த வருமானமும் கொஞ்சம் ஏறியது. தொகை சின்னதுதான், ஆனால் ஜனவரியிலும் சட்டென்று சரியாத பணம்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். நீள வீடியோவின் விளம்பரத்தில் 55 சதவீதம், நம் சேனலில் உறுப்பினராகச் சேர்கிறவர்கள் கட்டும் கட்டணத்தில் 70 சதவீதம் நமக்கு. ஒரு மாசத்து வருமானம் அடுத்த மாசம் 7 முதல் 12 தேதிக்குள் உறுதியாகி, வரம்பைத் தாண்டியிருந்தால் 21 முதல் 26க்குள் வந்துவிடுகிறது. எனக்கு ஒருமுறைகூடத் தவறியதில்லை. எத்தனையோ தொழிலில் செய்த வேலைக்குக் கூலி வாங்க நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது. இங்கே அது இல்லை. புதிதாக எதுவும் போடாத மாசத்திலும் அந்த பாபின் கேஸ் வீடியோ ஏதாவது கொண்டுவருகிறது.

விளம்பரத்துக்கு வெளியே வருவதும் உண்டு. சிபாரிசு செய்த கருவியின் இணைப்பு வழியாக யாராவது வாங்கினால் கிடைக்கும் கமிஷன், சில மாசங்களில் விளம்பர வருமானத்தைவிட அதிகம். ஸ்பான்சர்கள்தான் சோதனை. ஒரு கருவி நிறுவனம் என்னிடம், கத்தரிக்கோல் ஒன்று அனுப்புகிறோம், வீடியோவில் இரண்டு நிமிஷம் நல்லபடியாகப் பேசுங்கள் என்றது. கூலி என்ன என்று கேட்டதற்கு, சின்ன சேனல்களுக்குப் பொருள்தான் தருவோம் என்று பதில் வந்தது. என்னை நம்பிப் பார்க்கிறவர்களின் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு கத்தரிக்கோல் விலை என்று முடிவுசெய்ய அவர்கள் யார்? மறுத்துவிட்டேன்.

இத்தனை நல்லதும் சொன்ன பிறகு நண்பருக்கு என் பதில்: பணத்துக்காக என்றால் வேண்டாம். ஒரு வீடியோவுக்கு மிஷினைக் கழற்றித் துடைத்து, விளக்கைச் சரிசெய்து, நடுவில் நூல் அறுந்தால் மறுபடி எடுத்து, எடிட் செய்து, தம்னெயில் போட்டு முடிக்கிற நேரத்தில் நாலு மிஷினைப் பழுது பார்த்துவிடலாம். அந்த நாலு மிஷினின் கூலி உறுதி. ஆனால் என்னிடம் பழுதுக்கு மிஷின் கொண்டுவருகிறவர்களில் பாதிப்பேர் வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், அந்தப் பணம் எந்த ஆர்பிஎம்மிலும் தெரியாது. கையில் ஏற்கெனவே ஒரு தொழில் இருந்து, அதைக் காட்ட ஒரு இடம் வேண்டும் என்றால் தாராளமாகத் தொடங்கலாம். விளம்பரத்தை நம்பி வேலையை விடப்போகிறேன் என்றால், நண்பர் என்கிற உரிமையில் கையைப் பிடித்துத் தடுப்பேன்.

அப்படியும் தொடங்கினால், மானிடைசேஷன், அதாவது வீடியோவில் பணம் சம்பாதிக்கிற அனுமதி கிடைத்த அன்றே அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பிவிடுங்கள். அதைக் கொடுக்காவிட்டால் உலகம் முழுவதும் இருந்து வருகிற மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை பிடிப்பார்கள். கொடுத்துவிட்டால் அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்த பகுதிக்கு மட்டும்தான் பிடித்தம், அதுவும் உங்கள் நாட்டோடு இருக்கிற வரி ஒப்பந்தத்தைப் பொறுத்துக் குறையலாம். நிரப்பப் பத்து நிமிஷம்கூட ஆகாது.